இமயக் கணவாய்களும் இளவேனிற் பனிச்சரிவும்

சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். வேம்பு பூத்து, மா கனிந்து, தென்றல் புறப்படும் காலம் அது. இமயமலையிலும் இக்காலத்தை இளவேனில் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே அதன் இயல்பு வேறு. நான்கைந்து மாதங்களாக மலைமேல் அடுக்கடுக்காகப் படிந்த பனி, கதிரவனின் வெம்மையால் உள்ளுக்குள்ளே நெகிழத் தொடங்கும் காலம் அது. குளிர் குறைந்தது, வானம் தெளிந்தது, வழி திறந்தது என்று நம்பி மனிதன் புறப்படும் வேளையும், பனி தன் பிடியை இழக்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இமயக் கணவாய்களில் நேர்ந்த துன்பங்கள் பலவற்றுக்கு இதுவே காரணம் எனலாம்.

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தில்லி, சண்டிகர், டேராடூன், கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. தில்லியில் மாலையில் பஸ் ஏறினால் மறுநாள் காலை மணாலியில் இறங்கலாம். கொல்கத்தாவில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் காங்டாக் சேரலாம். ஊரிலிருந்து பெற்றோரோ உடன்பிறந்தாரோ வந்தால், பனிமலையைக் காட்டி அனுப்புவது நம் வீடுகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆகவே, அம்மலைகளில் நெடுங்காலம் நடந்து பழகியவர்கள் எதைக் கற்றார்கள், எப்படிக் கற்றார்கள் என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் மொழியில் பனி என்பது மென்மையான சொல். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மார்கழி விடியலில் வயலை மூடும் வெண்புகையும் பனி. இமயத்தின் உச்சியில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதும் பனியே. இமயத்தின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு இமயத்தையும் பொதியத்தையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. கண்ணகிக்குச் சிலை எடுக்கச் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. எனினும் பனிமேல் நடக்கும் அறிவு நம் நிலத்தில் விளைந்ததன்று. அதை மலைவாழ் மக்களிடமிருந்தும், அவர்கள் துணையோடு கணவாய்களைக் கடந்த பழைய பயணிகளிடமிருந்தும்தான் நாம் பெற வேண்டும்.

அம்மலைகளில் வழங்கும் பெயர்களே ஓர் எச்சரிக்கை. குலுப் பள்ளத்தாக்கையும் லாஹூலையும் பிரிக்கும் ரோதங் கணவாய் ஏறத்தாழ 13,050 அடி உயரமுள்ளது. அப்பெயருக்குப் பிணங்கள் குவிந்த இடம் என்று பொருள் கூறுவர். அதற்கு மேற்கே நெடுந்தொலைவில் நிற்கும் மலைத்தொடருக்கு இந்துகுஷ் என்று பெயர். இந்தியரைக் கொல்வது என்று அதற்குப் பொருள் சொல்லி, இங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் கடுங்குளிராலும் பனியாலும் அங்கே மாண்டதால் அப்பெயர் வந்தது என்று காரணமும் எழுதி வைத்தார் இப்னு பதூதா.

மலை ஏன் கொல்கின்றது என்ற வினாவுக்குப் பழையவர்கள் தந்த விடை அச்சத்திலிருந்து பிறந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாமீர் மலைப்பகுதியைக் கடந்து இந்தியா வந்த சீனத் துறவி பாகியான், அங்கே நச்சு நாகங்கள் உறைகின்றன என்றும், அவை சினங்கொண்டால் நச்சுக் காற்றையும் பனிமழையையும் கல்மாரியையும் உமிழும் என்றும் எழுதினார். பின்னர்ச் சிறிய பனிமலை ஒன்றைக் கடக்கையில் அவருடைய தோழர் ஒருவர் குளிர்காற்றைத் தாங்கமாட்டாமல் உயிர் துறந்தார். ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 630ஆம் ஆண்டில், யுவான் சுவாங் இமயத்துக்கு வடக்கே தியான்ஷான் மலையைக் கடந்தார். அவருடன் சென்றவருள் பலர் அங்கே மாண்டனர். அவ்வழியே செல்வோர் செந்நிற ஆடை அணியலாகாது, உரத்த குரல் எழுப்பலாகாது, மீறினால் மலையில் உறையும் நாகம் சீறியெழும் என்பது அவர் குறித்துவைத்த விதி. இதைப் பழங்கதை என்று நாம் தள்ளிவிடத் தேவையில்லை. மலைப்பயணத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். கட்டுப்பாட்டின் காரணத்தைத்தான் அவர்கள் அறியவில்லை.

காரணம் தெரியாமலே சரியான விதியைக் கடைப்பிடித்த பயணியும் உண்டு. முன்னர்க் கூறிய இப்னு பதூதா 1333ஆம் ஆண்டில் சிந்து நதிக்கரையை அடைந்தார். பின்னர் மதுரைக்கும் வந்து, அங்கிருந்த சுல்தானின் ஆட்சியைக் கண்ணாரக் கண்டவர் அவர். இந்துகுஷ் மலையைக் கடக்குமுன் அவர் அவசரப்படவில்லை. வெப்பக் காலம் நன்கு நிலைபெறும் வரை அடிவாரத்திலேயே தங்கினார். பின்னர் விடியலுக்கு முன்பே புறப்பட்டு, கதிரவன் மறையும் வரை ஓயாது நடந்து, மலையைக் கடந்தார். ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்துக்கொண்டே சென்றனர் என்கிறார். பருவம் பார்த்தல், விடியுமுன் புறப்படல், பனியில் கால் புதைகின்றதா என்று நோக்கல் ஆகிய மூன்றும் இன்றைய மலையேற்றப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாடங்களே ஆகும்.

விடியுமுன் ஏன் புறப்பட வேண்டும்? இளவேனிலில் பகல் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்குகின்றது. உருகிய நீர் பனியின் இடுக்குகள் வழியே கீழிறங்குகின்றது. பனித்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்த மெல்லிய உறைவுகள் அந்நீரால் கரைகின்றன. நீர் கீழே சென்று ஒரு கெட்டியான படலத்தையோ பாறையையோ அடைந்தால், அங்கே தேங்கி வழுக்கலை உண்டாக்குகின்றது. மேலே கிடக்கும் பனித்திரள் தாங்கும் பிடியின்றி மொத்தமாகப் பெயர்ந்து பாய்கின்றது. இதுவே ஈரப் பனிச்சரிவு. இரவில் வானம் தெளிவாக இருந்தால் வெப்பம் வெளியேறி, நெகிழ்ந்த பனி மீண்டும் இறுகுகின்றது. விடியற்காலையில் அது கல்தளம் போல் மனிதனைத் தாங்குகின்றது. வெயில் ஏற ஏற மீண்டும் இளகுகின்றது. ஆகவே இளவேனிலில் மலை நாள்தோறும் ஒரு முறை பூட்டப்பட்டு ஒரு முறை திறக்கப்படுகின்றது எனலாம். இரவில் மேகம் மூடியிருந்தால் வெப்பம் வெளியேறாது, பனியும் இறுகாது. அத்தகைய இரவுக்குப் பின் விடியற்காலையும் பாதுகாப்பானதன்று.

ஈரப்பனியின் எடையையும் நாம் கருத வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம் அளவிலோ அதனினும் குறைவாகவோ நிறுக்கும். நீர் ஊறிச் சரிந்து குவிந்த பனியோ 500 கிலோகிராம் வரையிலும் அதற்கு மேலும் நிறுக்கும். அது உலர்ந்த பனியைப் போல விரைந்து பாய்வதில்லை. ஆயினும் மரத்தையும் சுவரையும் தள்ளிக்கொண்டு செல்லும் வலிமை உடையது. ஓட்டம் நின்றவுடன் காரை பூசியதுபோல் இறுகிவிடும். அதனுள் அகப்பட்டவன் தன் விரலையும் அசைக்க இயலாது.

இந்த உண்மைகள் வரலாற்றில் மிகுதியாக வெளிப்பட்ட இடம், காஷ்மீரத்தையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலாக் கணவாய். அதன் உயரம் ஏறத்தாழ 11,575 அடி. இமயக் கணவாய்களுள் இது உயர்ந்தது அன்று. எனினும் இருபுறமும் செங்குத்தான மலைகள் நெருங்கி நிற்பதால், மேலிருந்து சரியும் பனி வழியின் மீதே வந்து விழுகின்றது. இப்பொலிட்டோ தெசிதேரி என்னும் இத்தாலியப் பாதிரியார் திபெத்துக்குச் செல்லும் வழியில் 1714ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்ரீநகரை அடைந்தார். கணவாய் பனியால் அடைபட்டிருந்தது. ஆறு திங்கள் காத்திருந்து, 1715ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் புறப்பட்டு, பெரும்பாலும் கால்நடையாகவே நாற்பது நாளளவில் லே நகரை அடைந்தார். தொலைவிலுள்ள நாடொன்றை அடையத் துடித்த ஒருவர் ஆறு திங்கள் அசையாமல் இருந்ததை அவருடைய பயணத்தின் சிறந்த பகுதி என்றே நாம் மதிக்கலாம். இப்பெரியார் பிற்காலத்தில் புதுச்சேரிப் பக்கம் வந்து தமிழ் கற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

காத்திருக்க இயலாத காலமும் சோஜிலாவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் லே நகரைக் காக்க ஒரு சிறு படை அவசரமாகச் செல்ல வேண்டியிருந்தது. நடுக்குளிரில் கணவாயைக் கடப்பது இயலாது என்று பலரும் கருதிய வேளையில், லாஹூலில் பிறந்த பிரிதி சந்த் என்னும் அதிகாரி முன்வந்தார். ஏறத்தாழ நாற்பது பேருடன் அவர் கணவாயைக் கடந்து மார்ச்சு மாதத்தில் லே சேர்ந்தார். அவருக்குத் துணைநின்றது படைக்கலம் அன்று. பனியிடையே பிறந்து வளர்ந்தவனுக்கு உரிய அறிவு. அவ்வாண்டிலேயே கணவாய் பகைவர் கைக்குச் சென்றது. நவம்பர் முதல் நாள், மேஜர் ஜெனரல் திம்மய்யாவின் தலைமையில் டாங்கிகள் சோஜிலாவின் மேல் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவை ஏறுவதற்குப் பால்தாலிலிருந்து மலைமேல் வழி வெட்டியவர்கள் மதராஸ் சாப்பர்கள் என்னும் நம் தென்னாட்டுப் பொறியியற் படையினர். பனியையே காணாத ஊர்களில் பிறந்தவர்கள் குண்டுமாரிக்கிடையே அவ்வழியை அமைத்தனர்.

லாஹூல் மக்களின் வாழ்வு நெடுங்காலம் ரோதங்கின் பனியோடு பிணைந்திருந்தது. நவம்பர் முதல் ஏப்ரல், மே வரை கணவாய் மூடிக்கிடக்கும். நோய் கண்டவர்களும், படிப்பை முன்னிட்டுச் செல்லும் மாணவர்களும், வேலை தேடுவோரும் இளவேனிலின் தொடக்கத்தில் கால்நடையாகவே அதைக் கடந்தனர். அவர்களுக்காக ஒருபுறம் மர்ஹியிலும் மறுபுறம் கோக்சரிலும் அரசினர் மீட்பு முகாம்கள் அமைத்தனர். முகாமில் தெரிவித்துவிட்டே புறப்பட வேண்டும். காலையிலேயே கடந்துவிட வேண்டும். வானிலை கெட்டால் புறப்படலாகாது என்பன அங்கிருந்த ஒழுங்குகள். ஒழுங்கு எவ்வளவு இருந்தும் இயற்கை சில வேளைகளில் வரம்பு கடந்தது. 1979ஆம் ஆண்டு மார்ச்சில் லாஹூல் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவுகளில் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சு என்பதை நாம் கவனிக்க வேண்டும். மேற்குத் திசையிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் அம்மாதத்திலும் பெரும் பனியைக் கொட்டுகின்றன. பழைய பனியின் மேல் புதுப்பனி ஒட்டாமல் நிற்கின்றது. அடுத்துவரும் வெயில் அதைப் பெயர்த்துவிடுகின்றது.

பனியை முறையாக ஆராய்வதற்கென 1969ஆம் ஆண்டில் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பாதுகாப்புத் துறையின் கீழ்த் தொடங்கப் பெற்றது. 2020ஆம் ஆண்டில் அது வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுப் பெரிய ஆய்வகமாயிற்று. பனிச்சரிவு பற்றிய முன்னறிவிப்புகள் மாவட்ட வாரியாக அங்கிருந்து வெளிவருகின்றன. அறிவியல் வளர்ந்ததால் பழைய நம்பிக்கைகள் உரைகல்லில் வைத்துப் பார்க்கப்பட்டன. மனிதக் குரலால் பனிச்சரிவு உண்டாகாது என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். குரலின் அதிர்வு அதற்கு மிகமிகச் சிறிது. யுவான் சுவாங் குறித்த விதி இவ்வகையில் பொய்த்தது. ஆயினும் மௌனமாக நடப்பவன் மேலே பனி முறியும் ஓசையைக் கேட்பான். தலைவன் சொல்லையும் கேட்பான். விடியுமுன் புறப்படும் விதியோ எந்த ஆராய்ச்சியாலும் பொய்க்கவில்லை.

நம் காலத்தில் மலைவழிகளின் நிலை பெரிதும் மாறிவிட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ரோதங்கின் அடியில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பெற்றது. லாஹூல் மக்கள் குளிர்காலப் பயணத்துக்கு இனிக் கணவாயைக் கடக்க வேண்டியதில்லை. ஆண்டில் ஐந்தாறு திங்கள் மூடிக்கிடந்த சோஜிலா வழியை எல்லைச் சாலை அமைப்பினர் இப்போது மிக விரைவில் திறந்துவிடுகின்றனர். 2025ஆம் ஆண்டில் 32 நாள் மட்டுமே அது மூடியிருந்தது. இவை பெரும் சாதனைகளே. ஆனால் சாலை முன்னதாகத் திறந்துவிட்டது என்பதால் மலைமேல் உள்ள பனி முன்னதாக இறங்கிவிட்டது என்று பொருளாகாது. தெசிதேரி காத்திருந்த அதே மாதங்களில் இன்று வண்டிகள் ஓடுகின்றன.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் சிக்கிமில் நடந்ததை நாம் மறக்கலாகாது. காங்டாக்கிலிருந்து நாதுலாவுக்குச் செல்லும் சாலையில், 15ஆம் மைலை அடுத்து, நண்பகலை ஒட்டிய வேளையில் பனிச்சரிவு விழுந்தது. பனியில் விளையாடவும் படம் எடுக்கவும் சென்றிருந்த சுற்றுலாப் பயணிகளுள் 7 பேர் மாண்டனர். 13ஆம் மைல் வரை செல்லவே அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தனர். பருவம், வேளை, எல்லை என்னும் மூன்றும் தவறிய இடத்தில் அத்துன்பம் நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மானா ஊரருகே சாலைப்பணியாளர் முகாம் ஒன்றைப் பனிச்சரிவு மூடியது. 54 பேருள் 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் மாண்டனர். அவர்களுள் பலர், நம்மைப் போலவே, பிழைப்புக்காகத் தம் மாநிலம் விட்டு வந்தவர்கள்.

பனியில் புதைந்தவனுக்குக் காலம் மிகக் குறுகியது. முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பதின்மருக்கு ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் கடந்துவிட்டால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாகின்றது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த 10 வீரர்கள் பனித்திரளில் புதைந்தனர். தமிழகத்தார் நால்வர் அவர்களுள் இருந்தனர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் காலமானார். அது விதிவிலக்கு. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் காலம் கடந்துவிடும் என்பதே பொதுவிதி. எனவே உடன் செல்வோரே ஒருவர்க்கொருவர் மீட்பர். பனிமலை ஏறுவோர் தத்தமக்கு ஓர் ஒலிக்குறிக் கருவியும் துழாவு கோலும் மண்வாரியும் கொண்டு செல்வது இதனால்தான். சாதாரணப் பயணிகளாகிய நாம் அவை இல்லாமல் பனிச்சரிவுக்கு உரிய இடங்களில் கால் வைக்கலாகாது.

அவ்விடங்களை அறிவது கடினமன்று. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பக்கங்களில் புறப்படுகின்றது. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். நாம் நிற்கும் இடம் சமதளமாயினும், மேலே அத்தகைய சாய்வு பனிசுமந்து நின்றால் அபாயம் நம்மையும் அடையும். இரு மலைகளுக்கு இடைப்பட்ட ஓடை வாய்களில் வண்டியை நிறுத்தலாகாது. அங்கே மரங்கள் ஒருபக்கமாக ஒடிந்து கிடந்தால், அது பழைய சரிவின் தடம் என்று அறியலாம். பனிமழை நின்று ஓரிரு நாளேனும் கழிந்தபின்பே மேலே செல்ல வேண்டும். காலைக் கதிர் முதலில் படுவது கிழக்குச் சாய்வு, பின்னர்த் தெற்கு, மாலையில் மேற்கு. அம்முறையிலேயே அவை இளகும். சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருவதும், கால் கணுக்காலுக்கு மேல் புதைவதும், கெட்டி போலிருந்த பனி காலடியில் தொப்பென்று அமிழ்வதும் மலை தரும் எச்சரிக்கைகள். கடக்கவே வேண்டிய இடமாயின், ஒருவர் கடந்த பின் மற்றவர் என்ற முறையில் கடக்க வேண்டும். எஞ்சியோர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே நோக்கியிருக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் பொருந்தவில்லையாயின் திரும்பிவிடுவதே முறை. நம்மவர்க்கு இது எளிதன்று. நெடுந்தொலைவு வந்துவிட்டோம், பணம் செலவழித்துவிட்டோம், விடுமுறை முடிகின்றது, உறவினர் மனம் வருந்துவர் என்றெல்லாம் எண்ணம் ஓடும். கயிலையைக் காணப் புறப்பட்டு, உடல் தேய்ந்தும் விடாது ஊர்ந்து சென்ற அப்பரடிகளைத் திரும்பிச் செல்லுமாறு பணித்த இறைவன், அவருக்குத் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியை அருளினான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. திரும்பியவர்க்கு இழுக்கு ஒன்றும் நேரவில்லை. லாஹூலின் முதியோர் ரோதங்கின் அடிவாரத்தில் நாட்கணக்காகக் காத்திருந்ததும், வானம் கறுத்தால் பாதி வழியில் திரும்பியதும் அச்சத்தால் அன்று. மறுவாரம் மீண்டும் ஏறுவதற்காகவே. நாமும் புறப்படுமுன் பனிச்சரிவு முன்னறிவிப்பைக் கேட்டறிவோம். உள்ளூர் மக்களின் சொல்லை மதிப்போம். காலையில் சென்று வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவோம்.